ஒன்பதாயிரம் அட்டைகளும் எனக்குக் கிடைத்த கேடயமும்

நாவற்குடா,
17.10.2009

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய கந்தப்போடி அண்ணன் அவர்கட்கு,

தங்கை நேசமலர் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் சுகமும், அண்ணியின் முழங்காலின் சுகமும், பெரும்போக விதைப்புக்கு மழை நேரத்துக்கு இறங்கியதா என்பதும் அறிய ஆவல். என் சுகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதத்தை முடிக்கும்போது நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நேற்றுத் தொலைபேசியில் சொல்லத்தான் பார்த்தேன். உங்களுக்குக் காது கேட்கவில்லை. அண்ணி நடுவில் வாங்கி, "நேசம், நல்ல கருவாடு கண்டா வாங்கி வைகா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

புதன்கிழமைப் பத்திரிகையில் என் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கேடயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பது நான்தான். மேலே, "கணினி நூலகத்தின் சாதனை: இழந்த சான்றிதழை நொடியில் மீட்டது" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழு சொற்கள் இருக்கின்றன அண்ணன். "இழந்த" என்ற ஒன்றை விட்டுவிட்டால் மற்ற ஆறையும் நம்ப வேண்டாம். முப்பது வருடம் ஒரே நூலகத்தில் வேலை செய்தவளை அவள் செய்யாத வேலைக்காகப் பாராட்டி, செய்த வேலையை மறைத்துவிட்டார்கள். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், நீங்கள் ஒரு முறையாவது இடையில் தூங்காமல் வாசிக்க வேண்டும்.

நான் வாவிமுனைக் கல்வி நிறுவகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தது எழுபத்தொன்பதில். அப்போது புத்தகங்களுக்குத்தான் பட்டியல் அட்டை இருந்தது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒன்று, இழுத்துத் திறக்கும் லாச்சிகளில் அகர வரிசைப்படி. எனக்கு அது போதவில்லை. நிறுவகம் 1952 முதல் வருடாவருடம் வெளியிட்ட ஆண்டு மலர்களை எடுத்துவைத்து, அவற்றில் பெயர் வந்த ஒவ்வோர் ஆசிரிய மாணவருக்கும் ஓர் அட்டை போட்டேன்: பெயர், ஊர், எந்த ஆண்டு மலர், எந்தப் பக்கம். யாரும் செய்யச் சொல்லவில்லை. இருந்த பணிப்பாளர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றுப் போனார்கள். நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். மொத்தம் ஒன்பதாயிரத்து நாற்பது அட்டைகள். நீங்கள் எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலமெல்லாம் நான் "மா" வரிசையில் இருந்தேன் என்று அண்ணி இன்றைக்கும் சொல்லுவார்.

பிறகு சுனாமி. கடல் கிழக்குச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து வாவிப் பக்கத்து யன்னல்களால் வெளியே போயிருந்தது. நான்காம் நாள் நான் போனபோது, நூலக உதவியாளர் சபூரா எனக்கு முன்பே வந்து சேற்றைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காத்தான்குடியில் அவள் தன் தங்கையை இரண்டு நாள் தேடிக் கண்டெடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்குப் போ என்றேன். "ஊட்ட இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் மிஸ். என்னமாவது ஒரு வேலை தாங்க" என்றாள். அலுவலகத்தின் பதிவேடுகள் எல்லாம் கூழாகிவிட்டன. மேல்மாடியில் இருந்த ஆண்டு மலர்கள் தப்பின. அட்டை லாச்சிகள் உப்புநீரில் ஊறி இறுகிக் கிடந்தன. தச்சரைக் கொண்டு உடைத்துத்தான் திறந்தோம். தட்டச்சு மை அழிந்திருக்கவில்லை. நானும் அவளும் முற்றத்தில் கொடி கட்டி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் ஒவ்வோர் அட்டையாகக் கொழுவி, மூன்று கிழமை காயவைத்தோம். காற்றடித்தால் ஓடி ஓடிப் பொறுக்கினோம். வாவியில் விழுந்த பதினொரு அட்டைகளைத் தோணிக்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்தார்.

இந்த நிலையில்தான் உதவி வந்தது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று பன்னிரண்டு கணினிகள் தந்தது. அவற்றோடு கொழும்பிலிருந்து ஆலோசகர் ஒருவரும் கழுத்துப்பட்டியுடன் வந்து இறங்கினார். இடிந்த மண்டபத்தின் நடுவில் நின்று, "இனி வரப்போற நூலகத்துக்குச் சுவரே கிடையாது மெடம்" என்றார். "ஒண்டக் கடல் கொண்டு போயிட்டு. மத்த மூண்டையும் விட்டு வைங்க" என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் என் பதவிப் பெயரை மாற்றிவிட்டார்கள். நூலகர் என்ற நான்கெழுத்து போய், "அறிவு வளங்கள் மற்றும் தகவல் மூலங்களின் தலைவர்" ஆனேன். பெயர்ப்பலகை கதவை விட அகலம். பாதி சுவரில் நிற்கிறது. நூலகராக இருந்தபோது என்னிடம் நான்கு பேர் வேலை செய்தார்கள். தலைவரானதும் மூவரை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள், கணினி வந்துவிட்டதாம். இப்போது நான் தலைமை தாங்குவது சபூராவுக்கு மட்டுந்தான், அவளும் சொல் கேட்பதில்லை.

நம்முடைய புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையை கொழும்பிலேயே எங்கோ ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. தலைப்புகளை ஆங்கிலத்தில் மாற்றி ஏற்றினார்கள். நண்டு வளர்ப்புப் பற்றிய நூலை நண்டு, கடகம், கான்சர் என்று என்னவோ வழியில் கொண்டுபோய்ப் புற்றுநோயில் சேர்த்துவிட்டார்கள். மீன்பிடித்துறை மாணவி ஒருத்தி அதைத் தேடி மருத்துவ அலுமாரிக்குப் போய் அழுதுகொண்டு திரும்பினாள். வட்டைகளுக்கு நீர் பங்கிடுவது பற்றி ஒரு நல்ல நூல் இருந்தது. வட்டை என்றால் வயல்வெளி என்று யார் அவர்களுக்குச் சொல்வது? வட்டம் என்று நினைத்துக் கேத்திரகணிதத்தில் வைத்தார்கள். கணித விரிவுரையாளர் ஒருவர் அதை எடுத்துப்போய் இரண்டு வருடமாகிறது. கேட்டால், "இன்னும் முடியல்ல மிஸ், நல்லாப் போகுது" என்கிறார்.

இதற்குள் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுச் சண்டை. வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து நம் வாசிப்பு மண்டபத்தில் மூன்று மாதம் இருந்தது. கணினிகளைச் சேலையால் மூடிவைத்தோம். அதன் பிறகு ஆலோசகர் மறுபடி வந்து, ஆள்பெயர் அட்டைகள் எல்லாம் புத்தகமல்ல, ஆகவே தேவையில்லாத சாமான், கழித்துவிடுங்கள் என்று அறிக்கை எழுதினார். கழித்துவிடுங்கள். எழுபத்தொன்பதிலிருந்து நான் செய்ததைச் சொல்ல அந்த மனிதனுக்கு வேறு வினைச்சொல் கிடைக்கவில்லை. நானும் சபூராவும் லாச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், சுனாமிக்குப் பிறகு தண்ணீர் வராத பெண்கள் கழிவறையில் அடுக்கி, கதவில் "பழுது" என்று எழுதி ஒட்டினோம். கழித்துவிட்டதாக நான் பதில் எழுதினேன். அது முழுப் பொய்யுமில்லை.

இந்த ஓகஸ்ட் மாதம் கதிரவெளியிலிருந்து புஸ்பராணி என்று ஓர் ஆசிரியை வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். 1987இல் நம்மிடம் பயிற்சி முடித்தவர். சான்றிதழைச் சுனாமி கொண்டுபோயிற்று. அதன் பிரதியை எப்படியோ எடுத்து வைத்திருந்தார். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் அதுவும் போயிற்று. ஊரில் பள்ளிக்கூடத்தை மறுபடி திறக்கிறார்கள், கணிதத்துக்கு ஆள் வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சி பெற்றதற்கு ஓர் அத்தாட்சி காட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அன்று புதன். பணிப்பாளர் தானே வந்து கணினியின் முன் அமர்ந்து, "இருங்க மிஸ், ஒரு நொடி" என்று பெயரை அடித்தார். பெறுபேறு பூச்சியம். எழுத்தை மாற்றி அடித்தார். பூந்தோட்டம் வளர்ப்பது எப்படி என்ற நூல் வந்தது. மூன்றாம் முறை அடிக்கும்போது கரண்ட் போனது. "நாளைக்கு வாங்களன்" என்றார்.

"சேர், நான் விடியச் சாமம் பஸ் ஏறினது. நாளைக்கு எண்டா எனக்கு வர ஏலா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. இப்படிப் பல அரசாங்கக் கந்தோர்களில் சொல்லிப் பழகிய குரல்.

நான் சபூராவைப் பார்த்தேன். இரண்டு பேரும் எழுந்து பெண்கள் கழிவறைக்குப் போனோம். அந்த நேரத்தில் நாங்கள் சேர்ந்து அங்கே போனதைக் கண்டு பணிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யன்னல் வெளிச்சத்தில் "பு" லாச்சியை இழுத்தோம். நான்கு நிமிடம் அண்ணன், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "புஸ்பராணி கணபதிப்பிள்ளை, கதிரவெளி. 1987 மலர். பக்கம் 41, கணிதம், பரீட்சையில் திறமைச் சித்தி. பக்கம் 63, வலைப்பந்து அணி, படம்." அட்டையின் ஓரம் உப்பில் பழுத்திருந்தது, அவ்வளவுதான்.

சபூரா மேல்மாடிக்கு ஓடி மலரை எடுத்துவந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டினோம், அவர் தலையாட்டினார். அறுபத்து மூன்றைத் திருப்பியதும் கதிரையை இழுத்து அமர்ந்துவிட்டார். படத்தில் தன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மேல் விரலை வைத்து, "இது எண்ட அக்கா. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் படிச்சம். கடல் வந்த அண்டைக்குப் போனவ. இவட படம் ஒண்டும் எங்களுக்கு மிஞ்சல்ல" என்றார். சபூரா போய்த் தேநீர் வைத்துக்கொண்டு வந்தாள், மூன்று பேருக்கும். நான் சந்திக் கடையில் ஜெனரேட்டரில் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து, உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கையால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். வேலை கிடைத்துவிட்டது என்று வெள்ளிக்கிழமையே சொல்லி அனுப்பினார்.

இதைத்தான் பணிப்பாளர் கணினியின் சாதனை என்று பத்திரிகைக்குக் கொடுத்தார். நேரே போய்க் கேட்டேன். "ஏன் சேர் இப்படிப் பொய் சொன்னீங்க?"

"பிறகென்ன மிஸ், கக்கூசுக்குள்ள கண்டு புடிச்சம் எண்டு பேப்பருக்குச் சொல்ல ஏலுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்றுவரை நெஞ்சை எரிக்கிறது. நிறுவகம் விழா வைத்துத் தந்த கேடயத்தில் "டிஜிட்டல் யுகத்தின் முன்னோடித் தலைவர்" என்று எழுதி, கீழே என் பெயரை நேசமலை என்று வெட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு அடுத்த மாதம் கொழும்புக்குப் போய், கணினி யுகத்தில் நூலகத் தலைமை என்று நாற்பது நிமிடம் பேச வேண்டுமாம், ஆலோசகர் தலைமை வகிக்கிறாராம்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஓய்வு வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, எனக்கு அது வேண்டாம். கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை காலை பணிப்பாளரின் மேசையில் இருக்கும். களுவாஞ்சிக்குடியில் உங்களோடு வந்து இருக்கிறேன். குசினிக்குப் பக்கத்து அறையை ஒழித்து வைக்கச் சொல்லுங்கள். உழவு மெஷினையும் அதில் கொழுவும் பெட்டியையும் ஒரு நாளைக்கு அனுப்பிவையுங்கள், அட்டைகளை ஏற்றிவர வேண்டும். எனக்குப் பிறகு அவற்றைக் கழித்துவிட நான் விடமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், படி ஏற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் மாமாங்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

தங்கள் அன்புத் தங்கை,
நேசமலர்

பி.கு. (22ஆம் திகதி, வியாழன்): இதைத் தபாலில் போட நேரம் கிடைக்கவில்லை. உழவு மெஷினை அனுப்ப வேண்டாம். அறையையும் ஒழிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை நான் ஓய்வுக் கடிதத்தோடு போனபோது நூலக வாசலில் பதினேழு பேர் நின்றார்கள். எல்லோரும் அந்தப் பொய்ச் செய்தியை வாசித்துவிட்டு வந்தவர்கள். செவ்வாய் முப்பது பேர். நேற்று வவுனியா அகதி முகாமிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்தது, அந்தச் சனத்துக்குப் பஸ் ஏறவும் வழியில்லை. ஒருவருக்கு நான்கு நிமிடம் என்று மேலே பெருமையாக எழுதினேன். நானும் சபூராவும் ஒரே கழிவறைக்குள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு அறுபது பேருக்குத் தேடிப் பார்த்தோம், முடியாது அண்ணன். இதை எழுதக் கை கூசுகிறது. பணிப்பாளரிடம் போய், ஒன்பதாயிரத்து நாற்பதையும் தமிழிலேயே கணினியில் ஏற்ற வேண்டும், மாற்றிய மூன்று பேரையும் திருப்பித் தாருங்கள், நான் தலைவர், கேட்கிறேன் என்றேன். தந்துவிட்டார். இதுவரை அறுநூறு ஏற்றியாயிற்று. சபூரா என்னை விட வேகமாக அடிக்கிறாள், அதைச் சொல்லியும் காட்டுகிறாள். கொழும்புக்கும் போகிறேன், ஆலோசகரிடம் இன்னும் ஐந்து கணினி கேட்க வேண்டும்.

மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, பெயரை மட்டும் சொல்கிறார். முடிக்கிறேன்.