முடியை மாற்றலாம்

புவனேஸ்வரனின் நெற்றியில் கறுப்புச் சாயம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கக் கிளம்பும் நேரம்.

"வயச மாத்த முடியாதுண்ணே. முடிய மாத்தலாம் லா!" என்று சொல்லிப் பூசிவிட்டவள் தங்கை ஜெகதீஸ்வரி.

"என் பழைய படத்த உன்ன யாரு அனுப்பச் சொன்னா?"

"இப்ப உள்ளத அனுப்பினா, தாத்தாவுக்கா பொண்ணு கேக்குறீங்கம்பாங்க."

புவனேஸ்வரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி இறந்த பிறகு தனியாகவே சாப்பிட்டுப் பழகியவர். இன்று பார்க்கப்போகும் புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்காரர் ருக்குமணியும் கணவரை இழந்தவர்தான். போனில் பேசியதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. கறுப்பு முடிப் படத்தைப் பார்த்துச் சம்மதித்தவரிடம் வெள்ளைத் தலையோடு போய் நிற்பதா?

நெற்றிச் சாயத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தார். சாயம் போகவில்லை, தோல் போனது.

"மீசை மட்டும் வெள்ளையா இருக்குண்ணே" என்று ஜெகதீஸ்வரி அதற்கும் பூசினாள். மேலுதடு எரிந்தது. அப்புறம் வீங்கியது.

"எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கீங்க. கொளவி கொட்டின மாதிரி."

வீக்கத்தை மறைக்க முகக்கவசம், நெற்றியை மறைக்கத் தொப்பி. கண்ணாடியில் நகைக்கடைக்குக் கன்னம் வைக்கப் போகிறவன் ஒருவன் தெரிந்தான்.

அக்கரைக்குப் போகும் கடல் பாலத்தில் நெரிசல். காரில் ஏர்கோன் மக்கர் செய்தது. புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர்வதற்குள் வியர்வையோடு சாயமும் கொஞ்சம் கரைந்து வெள்ளைச் சட்டையின் காலர் கறுத்துவிட்டது.

"திரும்பிப் போயிரலாம், ஜெகா."

"வாசலுக்கே வந்தாச்சுண்ணே!"

ருக்குமணியின் தம்பி குகன் கதவைத் திறந்தான். இருவரையும் உட்காரவைத்துவிட்டுத் தொப்பியையே சந்தேகமாகப் பார்த்தான்.

புவனேஸ்வரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, உங்கள ஏமாத்த மனசு வரல. என் தல பூரா நரச்சாச்சு. இந்தக் கறுப்பு இன்னிக்குக் காலைல பூசினது. அந்தப் படமும் பழசு. அக்காகிட்ட சொல்லிருங்க. வேணாம்னா நான் கெளம்புறேன்."

குகன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு ருக்குமணி வந்தார். ஒட்ட வெட்டிய தலை. ஒரு முடிகூடக் கறுப்பில்லை. புவனேஸ்வரனின் கறுத்த தலையைப் பார்த்ததும் தட்டோடு ஓரடி பின்வாங்கினார்.

குகன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ஃபேஸ்புக்குல உங்க வெள்ள முடியப் பாத்துட்டு, 'இவருதான் ஒளிவுமறைவில்லாத மனுஷன்'னு சொல்லி, நேத்துதான் லா மாமா, அக்கா தன்னோட சாயம் போட்ட முடிய எல்லாம் வெட்டிப் போட்டுட்டு வந்துச்சு!"