மின்சித்தரின் நாற்காலி

வெண்ணந்தூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் பிதுங்கியது. கல்யாணமா? அதெல்லாம் இல்லை. மின்சித்தர் ஆனந்தகுமார் உள்ளே கேன்சரைக் கருக்கிக்கொண்டிருந்தார்! போன வருஷம்வரை மிக்சி ரிப்பேர் பார்த்தவர். ஞானம் எப்போது வந்தது என்று கேட்காதீர்கள், பாவம் சேரும்.

மரப்பலகைமேல் இரும்பு நாற்காலி. நோயாளி அதில் உட்கார வேண்டும். சித்தர் கண்ணை மூடி மந்திரம் சொல்லி, டெஸ்டரால் நெற்றியைத் தொடுவார். விளக்கு எரிந்தால் உடம்பில் ‘கேன்சர் கரண்ட்’. அவர் ஓதித் தரும் உப்புத் தண்ணீரைக் குடித்துவந்தால் நாலே வாரத்தில் விளக்கு எரியாது. நோய் போயே போச்சு!

தறி ஓட்டும் ஊர். மோட்டாரில் கைவைக்குமுன் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஸ்கேனை நம்பாதவர்கள்கூட டெஸ்டரை நம்பினார்கள். ஆசாமி இடம் பார்த்துத்தான் கடை விரித்திருந்தார்.

பெரியநாயகிக்கு மார்பில் கட்டி. திங்கட்கிழமை சேலத்தில் ஆபரேஷன். அதற்குள் கணவர் தண்டாயுதபாணி அவளை இங்கே இழுத்து வந்துவிட்டார். தறி ஓட்டும் அவள் தங்கை நர்மதாவும் கூடவே வந்தாள்.

“கத்தி பட்டா கரண்டு உடம்பு பூராப் பாஞ்சிரும். ஆபரேஷன் கூடாது!” என்றார் சித்தர். “கேன்சர்ல கரண்டு இருக்குன்னு விஞ்ஞானியே சொல்றான்!”

“அது நெசந்தானுங்க,” என்றாள் நர்மதா. “டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். எல்லா செல்லுலயும் உப்பு போய்வர வாசல் இருக்குதாம். அதுல துளியூண்டு கரண்டு. கேன்சர் செல்லுல அந்த வாசல் தாறுமாறா இருக்கறதும் நோய் பரவ ஒரு காரணமான்னு ஆராய்ச்சி நடக்குதாம். ஆனா அந்தத் துளிக்கு டெஸ்டர் எரியுமுங்களா? எரிஞ்சா அக்காவை மாட்டியே தறி ஓட்டலாமே!”

“சாமிகிட்ட வாயாடாத புள்ள!” தண்டாயுதபாணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சித்தர் கண்ணை மூடி முழங்கினார். நாற்காலியில் உட்கார்ந்த பெரியநாயகி நெற்றியில் டெஸ்டர் எரிந்தது. மந்திரம் நிற்கவில்லை, மூடிய கண்ணும் திறக்கவில்லை. நர்மதா அக்காளைப் பிடித்து இழுத்தாள், கை சுருக்கென்றது. படையலில் இருந்த பூசணிக்காயைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த தன் டெஸ்டரை அதில் வைத்தாள். பளிச்!

“ஐயையோ! பூசணிக்காய்க்கும் கேன்சருங்க!”

சித்தர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். காலை வெடுக்கென்று இழுத்தார். விளக்கு அணைந்தது.

“அட, அதுக்குள்ள குணமாயிருச்சே!” நர்மதா அவர் காலடிப் பாயை உருவினாள். அடியில் ஒரு சுவிட்ச். அதிலிருந்து ஒயர் நாற்காலிக்குப் போனது.

கூட்டத்தில் சின்னாயி எழுந்தாள். “எங்க ஊட்டுக்காரருக்கு ஆடியில வெளக்கு அணஞ்சுது. ஊசி போடறதை நிறுத்தச் சொன்னயே, பாவி! புரட்டாசியில செத்துட்டாருடா!”

மின்சித்தர் சமையல்கட்டு வழியாக ஓடினார். நாலு பேர் துரத்தினார்கள்.

தண்டாயுதபாணி மெல்லக் கனைத்தார். “பக்கத்தூர்ல இன்னொரு சாமி இருக்காராம்...”

“நீங்க வேணாப் போய் உக்காருங்க,” என்றாள் பெரியநாயகி. “கட்டி எனக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

ஓர் இழை அறுந்தாலே தறியை நிறுத்திப் பார்க்கிற மகாஜனங்களே, உயிர் போகிற காரியத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் குடியா முழுகிவிடும்?