கட்டியைப் பட்டினி போட்டவர்

நோயாளிகளைவிட வேகமாகப் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. நோயாளிக்குப் பத்தியம் சொல்ல வருகிறவர். கையில் ஒரு பிரெட் பாக்கெட், வாயில் ஒரு மருத்துவக் கல்லூரி.

ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கும் சரசம்மாவுக்கு மார்பில் கட்டி. வேகமாகப் பரவும் வகை, தவறாமல் ஊசி போட்டால்தான் பிழைக்க வழி என்று பெங்களூர் டாக்டர் சொன்ன மறுநாளே ராமப்பன் வந்துவிட்டார். அவள் புருஷன் ஆஞ்சப்பன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இவர் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேன். மனித உடம்பைத் திறந்து பார்த்ததில்லை. அதனாலென்ன, கியர் பாக்ஸைத் திறந்திருக்கிறாரே!

“கேன்சரு கொழுப்பத் தின்னுதான் ஓடுதாம், பேப்பர்ல போட்டிருக்கான். எண்ணெ இல்லாம ஓட்டுனா பேரிங் என்னாவும்? ஜாம் ஆவும். கட்டியும் அப்படித்தான். நிறுத்து எண்ணெய!”

“கட்டி மட்டுந்தான் ஜாம் ஆவுமாண்ணா, நானுமா?” என்றாள் சரசம்மா, பயந்துபோய். இவளுக்கு மெஷின் எங்கே புரியப்போகிறது என்று இரண்டு ஆண்களும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது, நெய் கிடையாது, தேங்காய் பரண் ஏறிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து தினமும் வரும் ராமப்பன் எண்ணெய் டின்னுக்குள் தென்னங்குச்சியை விட்டு அளவு பார்ப்பார், அவளுக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்று மிச்சமிருந்த முறுக்கையெல்லாம் தாமே தின்று தீர்ப்பார். என்ன தியாகம்! சரசம்மா வெறுங்களியும் வேகவைத்த சுரைக்காயுமாக இளைத்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

“பாத்தியா, கட்டி பட்டினி கெடக்குது” என்று பூரித்தார் ராமப்பன்.

பெங்களூரில் எடை பார்த்த டாக்டர், இந்த உடம்பு தாங்காது என்று ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார். இளைத்த காரணத்தைக் கேட்டறிந்ததும் ஆஞ்சப்பனிடம் சொன்னார்: “இந்தக் கட்டி தனக்கு வேணுங்கற கொழுப்பைத் தானே சமைச்சுக்கும். பத்தலைன்னா உடம்புல இருக்கறதைக் கரைச்சு எடுத்துக்கும். நீங்க பட்டினி போட்டது இந்தம்மாவைத்தான்.”

சாயங்காலம் ராமப்பன் வந்தபோது சரசம்மா களியில் குழி பறித்து நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் பதறினார்.

“பேக்டரில மெஷின் ஜாம் ஆனா வேற மெஷின் வருங்ணா. இந்த வூட்டுல நான் ஒருத்திதான்.”

ஆஞ்சப்பன் தலைகுனிந்தபடி இன்னொரு கரண்டி ஊற்றினான்.

ராமப்பன் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அடுத்த வாரமே தேன்கனிக்கோட்டையில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு ரேடியேட்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக நீங்கள் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனீர்களே, “நான் சொல்றதக் கேளுங்க” என்று நீங்கள் ஆரம்பித்தபோது, கட்டிலில் கிடந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்ல வந்தார், தெரியுமா?