எட்டே எட்டு போல்ட்

நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, உலகத்தில் உள்ள பழைய கார்களையெல்லாம் காப்பாற்றிவிடுவது என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு அறிவித்தார்.

"முதல்ல குழாயை மூடுங்க" என்றாள் மனைவி.

தெருவில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பது வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஊராரை மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி வந்தவர். படித்தது கொஞ்சம், பிரித்துப் பார்த்தது நிறைய. மனைவி தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில் அவளுடைய இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேஜை, ஒரு நிலைக்கண்ணாடி. வீட்டை ஒட்டி, பக்கத்துச் சந்துக்குள் வாசல் வைத்த ஒரு கொட்டகை. அதற்குள் மாமனாரின் கார்.

மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது. கார் இன்னும் போகவில்லை. ஆனால் போகிற வண்டியும் இல்லை. பிரேக்கை மிதித்தால் அது உத்தரவு ஆகாது, ஒரு விண்ணப்பம்தான். நிற்பதா வேண்டாமா என்று வண்டி யோசித்து முடிவெடுக்கும். வளைவில் திருப்பினால் சக்கரம் முதலில் திரும்பும், உடம்பு பின்னால் விசாரித்துக்கொண்டு வரும்.

திட்டம் சுலபம். பழைய காரில் மேலே இருப்பது அழகு, அடியில் இருப்பது நோய். அந்த அடிச்சட்டத்தை, அதாவது சேஸிஸை, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொடுப்பது. இரும்புக் கடையில் கிடைக்கிற சதுரக் குழாய். உடைசல் கடையில் குவிந்து கிடக்கும் வேன்களிலிருந்து எடுத்த ஸ்பிரிங், டிஸ்க் பிரேக். காரை வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டே எட்டு போல்ட். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவனும் மாட்டிக்கொள்ளலாம், சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில். மாட்டியதும் கிழட்டு வண்டி பந்தயக் குதிரையாகிவிடும்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் பழைய கார் சங்கத்தின் செயலாளர். கேட்டதும் தன் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார். "மாட்டிக் காட்டுங்க சார். சங்கத்துல நாப்பது வண்டி இருக்கு. ஆனா ஒண்ணு, தொழில்னா தெருவுல போறவன் கண்ணுல படணும். ஒரு முகப்பு வேணும்."

முகப்பு! அந்த வார்த்தை லிஃப்ட்காரரின் மண்டைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. நேராகப் போய் மனைவியின் மெஷின் முன்னால் நின்றார்.

"முன்னறை எனக்கு வேணும்."

"எதுக்காம்?"

"ஆபீஸ். ஷோரூம். தொழிற்சாலை."

"மூணும் இந்த ஒரு அறையிலயா? அப்ப என் மெஷினைத் தூக்கி உங்க தலையில வெச்சுக்கவா?"

"கொட்டகைய எடுத்துக்கோ."

மெஷின் மிதியில் அவள் கால் நின்றது. "கொட்டகையா! எலி ஓடுதுங்க அங்க."

"அதுங்களுக்கும் அளவெடு. தொழில் பெருகும்."

"இருட்டு."

"லைட் போட்டுத் தரேன்."

"ஒண்ணு பத்தாது."

"நாலு! நாலு லைட்!"

"தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வெள்ளைத் துணியை எப்படி விரிக்கிறது?"

"சிமெண்ட் பூசித் தரேன், போதுமா? என் வாழ்க்கைக் கனவு, நீ தரையைப் பத்திப் பேசுற!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி. ஆனா சும்மா தூக்கிக் குடுக்க முடியாது. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள, சுத்தியல் தொடாம, வெல்டிங் வைக்காம, ஸ்பானர் மட்டும் வெச்சு எட்டு போல்ட்டையும் மாட்டிடணும். மாட்டிட்டா முன்னறை உங்களுக்கு, கொட்டகை எனக்கு. மாட்டலைன்னா அந்த இரும்பு மறுநாள் காயலான் கடைக்கு. அப்புறம் இந்த வீட்டுல சேஸிஸ்ங்கிற பேச்சே வரக்கூடாது."

துணி வெட்டும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று முழுக்க லிஃப்ட்காரருக்கு ஒரே குழப்பம். ஒரு வாளியை இடம் மாற்றினால் மூன்று நாள் பேசுகிறவள். அறையையே இவ்வளவு சுலபமாகப் பணயம் வைக்கிறாள் என்றால்? ஒருவேளை தன் திறமை அவளுக்கும் தெரிந்துவிட்டதோ? அப்படியே முடிவு செய்துகொண்டார். சுகமாக இருந்தது.

அளவெடுக்கும் நாளில் அவள்தான் டார்ச் பிடித்தாள். காரின் வலது பக்கம் கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றது. கை நுழையாது. லிஃப்ட்காரர் இடது பக்கத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, தாளைப் புரட்டிப் போட்டு அப்படியே வலது பக்கத்தையும் வரைந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் அளக்கலையே?"

"எதுக்கு? ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே."

"எந்த ஊர்ல? இருபது வருஷமா அளவெடுக்கிறேன். ஒரு தோள் மாதிரி இன்னொரு தோளை நான் பாத்ததே இல்ல. உங்களுக்கே வலது தோள் அரை அங்குலம் இறக்கம். நான் மறைச்சுத் தெச்சுப் போட்டுட்டிருக்கேன்."

"இது இரும்பு. என் தோள் மாதிரி இறங்காது."

"எங்கப்பா நூத்திப் பத்து கிலோ. முப்பது வருஷம் வலது பக்கமே உக்காந்து ஓட்டினார். இரும்பா இருந்தா என்ன, எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?"

"டார்ச்சை நேராப் பிடி" என்றார் லிஃப்ட்காரர்.

சேஸிஸ் பிறந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் கண்பட்டுவிடுமோ என்று பயப்படுகிற அழகு. கெடுவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கொட்டகை உத்தரத்தில் சங்கிலிக் கப்பி மாட்டி, காரைச் சுவரை விட்டு நடுவுக்கு நகர்த்தி, மேலுடம்பை அந்தரத்தில் தூக்கி, பழைய சட்டத்தை உருவிவிட்டு, புதிய சேஸிஸை அடியில் தள்ளி, மெல்ல இறக்கினார். இடது பக்கத்து நாலு போல்ட்டும் வெண்ணெயில் விரல் மாதிரி இறங்கின. வலது பக்கம் போனார். ஒன்றுகூட இறங்கவில்லை. துளையும் துளையும் ஒன்றையொன்று பார்க்காத பங்காளிகள் மாதிரி விலகி நின்றன.

அளந்தார். ஒரு விரல்கடை வித்தியாசம். மறுபடி அளந்தார். முக்கால் விரல்கடை. மூன்றாம் தடவை வித்தியாசமே இல்லை. துள்ளிக் குதித்தவர், குழப்பத்தில் இடது பக்கத்தையே அளந்திருப்பதைக் கண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வரைபடம் சரி. இரும்பு சரி. கார் எப்படித் தப்பாக இருக்க முடியும்?

மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இறங்கலையா?"

"இறங்கும். அதுக்குக் கொஞ்சம் கூச்சம்."

"நாங்கன்னா ஓரத்துல உள்பக்கமா ரெண்டு விரல் துணி விட்டுத் தைப்போம். ஆள் பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம். உங்க ஓட்டையையும் வட்டமா போடாம நீளமா விட்டிருந்தா, போல்ட் அங்க இங்க நகர்ந்து உக்காந்திருக்கும். எந்தக் கிழட்டு வண்டிக்கும் சேர்ந்திருக்கும்."

"இது பாவாடை இல்ல!"

"சரி, இல்ல" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். போகிறபோது, "நாளைக்கு மத்தியானம் துணி குடுக்க வெளிய போறேன், வர சாயங்காலம் ஆகும்" என்று தானாகவே சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் தலை சந்து முனையில் மறைந்ததும் லிஃப்ட்காரர் திருடனைப் போலக் கொட்டகைக்குள் நுழைந்தார். காரின் உடம்பை மறுபடி தூக்கினார். எட்டுத் துளையையும் துளைப்பான் வைத்து, அரம் வைத்து, நீளமாக ராவினார். அகலமான வாஷர்கள் வெட்டினார். பெருக்கி, இரும்புத்தூளைச் சாக்கடையில் கொட்டி, முகம் கழுவி, அவள் வரும்போது செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் சாட்சி. எட்டு போல்ட்டும் சத்தம் போடாமல் உட்கார்ந்தன. மொத்தம் நாற்பது நிமிஷம்.

"அட, ஓட்டை நீளமா இருக்கே!" என்றாள் மனைவி.

"அது... ஆரம்பத்துலேந்தே டிசைன்ல இருந்தது."

"ஓஹோ" என்றாள். முகத்தில் ஒரு வருத்தம் வரவேண்டுமே என்று உற்றுப் பார்த்தார். வரவில்லை. தோற்றுப்போனவள் போய் எல்லோருக்கும் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடுப்பெடுத்து, காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, சொன்ன சொல் காப்பாற்றி, நாலு லைட் போட்டார், தரைக்கு சிமெண்ட் பூசினார். அது காய்ந்ததும், வியாழக்கிழமை, மெஷின்களைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அவளே முன்நின்று அரை மணியில் முடித்தாள். முன்னறை காலி. லிஃப்ட்காரர் நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தார். எதிரொலிகூட மரியாதையாக இருந்தது.

அடுத்த சேஸிஸுக்கான இருபதடிக் குழாய்கள் பத்து மணிக்கு வந்தன. முதல் குழாயை முன்வாசலில் நுழைத்தார்கள். அதன் தலை கூடத்தைத் தாண்டி, சமையலறை ஜன்னல் வழியாகப் பின்வீட்டுக்காரர்களை எட்டிப் பார்த்தது. வால் இன்னும் தெருவில் இருந்தது. குழாய் கொண்டுவந்த வண்டிக்காரர் குழாயையும் லிஃப்ட்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். லிஃப்ட்காரர் குழாயை மட்டும் பார்த்தார். எங்கேயோ ஒரு கணக்கு உதைக்கிற மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அந்த நேரம் பல் டாக்டர் தன் பழைய காரில் வந்து நின்றார்.

"வாங்க டாக்டர்! இதோ முகப்பு!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "பிரமாதம் சார். வண்டிய எதுல நுழைக்கிறது?"

லிஃப்ட்காரர் கதவைப் பார்த்தார். மூன்றடி. காரைப் பார்த்தார். ஐந்தரை அடி. சங்கிலிக் கப்பியும் கொட்டகை உத்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கதவைக் கொஞ்சம் பெரிசு பண்ணி..."

"மெதுவா பண்ணுங்க, அவசரமே இல்ல. நான் வந்தது சீட் கவருக்கு."

"சீட் கவரா?"

"உங்க வீட்டம்மா சொல்லலையா? கார் நுழையற மாதிரி இடம் அமைஞ்சதும் ஆரம்பிச்சிடறேன்னு மூணு மாசமா சொல்லிட்டிருக்காங்களே. சங்கத்துல நாப்பது வண்டிக்கும் சீட் கிழிஞ்சுதான் கிடக்கு!"

கார் சந்துக்குள் திரும்பியது. லிஃப்ட்காரர் பின்னாலேயே ஓடினார். கொட்டகையின் இரட்டைக் கதவுகள் விரியத் திறந்திருந்தன. உள்ளே நாலு லைட்டும் எரிந்தன. புதுத் தரை பளபளத்தது. கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி கையைக் காட்டி, "வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம், நில்லுங்க" என்று காரை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ... நான் ஜெயிக்கணும்னா..."

"பின்ன? நீங்க தோத்திருந்தா என் கதி என்னங்க ஆகியிருக்கும்?" என்றவள், டாக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "வெயில் நேரா உள்ள அடிக்குது. வெளிய நின்னாப்பலயே அந்தக் கதவைச் சாத்திடுங்க."