மேலோகம் வக்கீலின் காலி நாற்காலி

தாம்பரத்தில் உயிரோடு இருப்பவர்களைக் கொஞ்சம்கூட மதிக்காத ஒரே வக்கீல் மேலோகம்தான். செத்துப்போனவர்களிடம் அவர் காட்டிய பணிவில் ஒரு துளியை எங்களிடம் காட்டியிருந்தால் இந்நேரம் பங்களா கட்டியிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மாடிப்படி ஓரத்தில் போர்டாகவும் தொங்குகிறது. கீழே இருக்கும் பிரியாணிக் கடைக்காரர் அந்தப் போர்டின் மேலேயே தன் விளம்பரத் தட்டியைக் கட்டிவிட்டதால் யாரும் அதைப் படித்ததில்லை. உயில், வாரிசு, செத்தவர் சொத்து, இவற்றைத் தவிர வேறு வழக்கைத் தொடமாட்டார் என்பதால் மேலோகம். மேற்குத் தாம்பரத்தில் ஆட்டோ ஏறி "மேலோகம் போகணும்" என்று சொல்லிப்பாருங்கள். டிரைவர் துளியும் பதறாமல், "பிரியாணிக் கடை மாடிதானே சார்?" என்பார்.

நான் அவரிடம் போகவேண்டி வந்தது அப்பா காலமான பிறகு. மாடம்பாக்கம் வீட்டை அப்பா என் அக்கா பேருக்கு உயில் எழுதியிருந்தார். அக்கா பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா போன பிறகு அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். அந்த உயிலை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பை மட்டும் அப்பா என் பேருக்கு எழுதியிருந்தார். அதாவது வீடு அவளுக்கு, அலைச்சல் எனக்கு.

எனக்கு இதில் வருத்தமே இல்லை. பெருங்களத்தூரில் எனக்கு அடுக்குமாடி வீடு இருக்கிறது. வருத்தமே இல்லை என்பதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொன்னேன். "அக்காவே வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன் சார்" என்று பெருந்தன்மையோடு அப்பளத்தை நொறுக்குவேன்.

எனக்குச் சட்டம் நன்றாகத் தெரியும், எல்லாம் செல்போன் வீடியோவில் கற்றது. ஆகவே வக்கீல் எதற்கு என்று நானே பட்டா மாற்றக் கிளம்பினேன். தாலுகா ஆபீசில் இருந்த அதிகாரி அம்மாள் உயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பதிவு பண்ணாத உயில் சார். உண்மையான உயில்தான்னு கோர்ட்ல ப்ரொபேட் வாங்கிட்டு வாங்க" என்றார். "மேடம், எனக்குச் சட்டம் தெரியும்" என்றேன். "அப்ப ரொம்ப ஈஸி சார், வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

இப்படித்தான் மேலோகத்துக்கு மாடியேறினேன். மேஜைக்கு எதிரே பஞ்சு மெத்தை போட்ட அழகான நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க சார், எந்திரிங்க! அது கட்சிக்காரர் சீட்டு."

"நான்தானே சார் கட்சிக்காரர்?"

"உயில் எழுதினது யாரு?"

"அப்பா."

"அப்ப அவருதான் கட்சிக்காரர். நீங்க கூட வந்தவரு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அதில் நான் பரதநாட்டியம் பழகிக்கொண்டிருக்கும்போது அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்பா காபியா, டீயா?"

"காபி. சர்க்கரை கம்மி."

ஜன்னல் வழியாகக் கீழே குரல் கொடுத்தார். காபி வந்தது. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, காலி நாற்காலிக்கு முன்னால் ஒன்று. ஆவி அடங்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு அப்பாவின் காபியையும் அவரே குடித்தார். "நல்ல மனுஷன். சர்க்கரை கரெக்டா கீது" என்றார். நான் கலர் கலராக ஒட்டுச்சீட்டு வைத்துக் கொண்டுபோன ஃபைலை அவர் தொடவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் வீடியோ ஞானத்தை எடுத்துவிட்டேன். "எதுக்கு சார் கோர்ட்டு, கேஸு? உயிலை ஓரமா வச்சிடுவோம். வாரிசு நாங்க ரெண்டு பேர்தான். என் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து நானே ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்துடறேன். முடிஞ்சுது."

மேலோகம் என்னைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தார். "கேட்டீங்களா சார் உங்க புள்ள பேசறத? நீங்க குடுத்த வூட்ட அவரு குடுத்ததா பேர் வாங்கிக்கப் பாக்கறாரு."

நான் திடுக்கிட்டு நாற்காலியைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

நேராக மாடம்பாக்கம் போய் அக்காவிடம் புகார் செய்தேன். "பைத்தியக்கார வக்கீல்க்கா. நாற்காலியோட பேசறான்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அவர் சொல்றதுதான்டா சரி. தம்பி பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தான்னு ஊரே சொல்லுது. போன வாரம் ஸ்கூல்ல ஒரு டீச்சர் என்கிட்டயே சொல்றாங்க, உங்க தம்பி தங்கமாமேன்னு. காலம் பூரா அதைக் கேட்டுக்கிட்டு இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. அப்பா எனக்குக் கொடுத்தார்னு இருந்தா இருக்கேன். இல்லைன்னா சேலையூர்ல வாடகைக்குப் போயிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாடகை வீடு ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். கல்யாண வீடுகளில் நான் நொறுக்கிய அப்பளமெல்லாம் அப்போதுதான் தொண்டையில் சிக்கியது.

ஆக, உயிலை நிரூபித்தே ஆகவேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்த சாட்சி ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டும். அப்பா சாட்சிகளைத் தன் வாக்கிங் கோஷ்டியில் பிடித்திருந்தார். ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் அப்பா வயது, அல்லது அதற்கும் மேல். சாட்சி நம்மைவிட இளையவராக இருந்தால் நல்லது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் அப்பாவுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தவர் அப்பா வீட்டுக்கு எதிர்வீட்டு பாய், கோஷ்டியிலேயே அவர் ஒருவர்தான் வயதில் சின்னவர்.

எனக்கும் பாய்க்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், ரேம்ப்.

மழைக்காலத்தில் அந்தத் தெரு கால்வாய் ஆகிவிடும். ஒரு வருடம் அப்பா வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஆயுள் முழுக்கக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார். கேட்டுக்கு முன்னால் இருந்த சரிவை சிமென்ட் போட்டு உயர்த்தினேன். அடுத்த மழையில் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு எதிரே பாய் வீட்டு ஹாலுக்குப் போனது. பாய் தன் ரேம்பை உயர்த்தினார். நான் இன்னும் உயர்த்தினேன். அவர் அதற்கு மேல் உயர்த்தினார். பாய்க்கு கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை. சிமென்ட் விற்பவரோடு சிமென்ட் சண்டை போடக்கூடாது என்ற அறிவு எனக்கு இருந்திருக்கவேண்டும். கடைசியில் எங்கள் கார் அந்த ரேம்பில் ஏறவில்லை, தண்ணீர் மட்டும் கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. தப்பு பாய் மேல்தான் என்று இன்றும் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை.

"அவருக்கு சம்மன் அனுப்பிடலாமே சார்?" என்று மேலோகத்திடம் கேட்டேன்.

"அனுப்பினா வருவாரு. மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு வருவாரு. மரியாதையா போய்க் கூப்டணும் சார்."

"நான் போய்க் கேட்கமாட்டேன்."

"நீங்க எதுக்கு? கட்சிக்காரர் கேப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை மாடம்பாக்கத்தில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கோட்டு என்று கேட்டதற்கு, "கட்சிக்காரர் கூடப் போறோமில்ல?" என்றார். ஹால் சுவரில் இருந்த அப்பா போட்டோவைச் சந்தன மாலையோடு கழற்றி என் கையில் கொடுத்தார். "கெட்டியா புடிங்க. நடங்க."

தெருவே பால்கனிக்கு வந்துவிட்டது. முன்னால் கோட்டுப் போட்ட வக்கீல், பின்னால் மாலை போட்ட அப்பா, அப்பாவுக்குப் பின்னால் நான். நான் கட்டிய மலையிலிருந்து பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினேன். தெருவைத் தாண்டி, பாய் கட்டிய மலையில் ஏற ஆரம்பித்தேன். பாதி உயரத்தில் செருப்பு வழுக்கியது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாய், "ஐயோ!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து தாவிப் பிடித்தார். என்னை அல்ல, போட்டோவை. நான் உருண்டு போய்த் தெருவில் உட்கார்ந்தேன்.

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போவதற்குள் அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார். பாய் தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்க சார்" என்றார் மேலோகம், போட்டோவிடம். கொஞ்ச நேரம் எல்லோரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பாய் பேசினார்.

"டெய்லி என்கூடதான் தம்பி நடப்பாரு. காலைல நான் போய் நின்னாத்தான் வூட்ட வுட்டு எறங்குவாரு. உன் ரேம்ப்ல அவரால எறங்க முடியாது, என் கையத்தான் புடிச்சிகினு எறங்குவாரு. 'எம்புள்ள கட்டின மலை பாய், நீதான் எறக்கி உடணும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

எனக்கு இது தெரியாது. அப்பா ரேம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் யாரோடு சண்டை போட்டேனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா தினமும் தெருவில் கால் வைத்திருக்கிறார். விழுந்த இடத்தைவிட நெஞ்சுதான் அதிகம் வலித்தது.

"கோர்ட்டுக்கு வருவீங்களா பாய்?" என்றேன்.

"உனக்காக வரமாட்டேன். அவருக்காக வர்றேன்."

மேலோகம் எழுந்தார். "அப்புறம் சார், கட்சிக்காரர் ரெண்டு ரேம்பையும் இடிக்கச் சொல்றாரு."

"எப்ப சார் சொன்னார்?"

"இப்பதான். நீங்க கவனிக்கல."

அக்காவும் பாயும் நானும் மேலோகத்தோடு செங்கல்பட்டு கோர்ட்டுக்கு மின்சார ரயிலில் போனோம். மேலோகம் தனக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டில் பையை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் "ஆள் வராங்க" என்றார். வண்டியோ காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகளால் பிதுங்கியது. பெரிய பையோடு ஒரு பெண் தடுமாறி நின்றாள். மேலோகம் காலி சீட்டைப் பார்த்தார், தலையாட்டினார், பையை எடுத்தார். "உக்காரும்மா. கட்சிக்காரர் எந்திரிச்சிகினாரு." அந்தப் பெண் அன்றைக்கு வேறு பெட்டியில் ஏறியிருக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

சாட்சிக் கூண்டில் பாய் கம்பீரமாக நின்றார். அப்பா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

"என் கண்ணால பார்த்தேன் ஐயா. போட்டு முடிச்சிட்டு, 'யாரு வூட்ல இருக்கோம்னு எம்பொண்ணு ஒரு நாளும் நெனைக்கக்கூடாது பாய்'னு சொன்னாரு" என்றவர், அதே வேகத்தில் ரேம்ப் வரலாற்றையும் தொடங்கினார். ரேம்ப் இந்த வழக்கில் இல்லை என்று நீதிபதி சொல்லவேண்டி வந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. அக்காவோடு மேலோகத்தின் ஆபீசுக்குப் போய் நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டிப் போய் அதைக் காலி நாற்காலியில் வைத்தார். காபி ஆறும் நேரம் காத்திருந்தார். பிறகு எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "உங்க அப்பா குடுத்தது மேடம். வேற யாரும் குடுக்கல."

மாடிப்படி இறங்கும்போது அக்கா சொன்னாள், "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடா, என் வீட்டுக்கு." அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனேன். பாயின் ஆட்கள் இரண்டு மலைகளையும் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருட மழையில் இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் சமமாக வந்தது. பாயும் நானும் ஒரே மோட்டாரை வைத்து இறைத்தோம்.

போன மாதம் என் உயிலை எழுதலாம் என்று மறுபடியும் மேலோகம் போனேன். இந்தத் தடவை உரிமையோடு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க சார்!"

"இப்ப நான்தானே சார் கட்சிக்காரர்? உயில் எழுதப்போறது நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

"அந்த சீட்டுக்கு இன்னும் எவ்ளோ வருஷம் கீது உங்களுக்கு. ஸ்டூல்ல உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். குட்டைக் கால் ஆடியது, இடுப்பு வலித்தது. எழுந்து வர மனசே இல்லை.