இரவல் போன களஞ்சியம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். என் கடைவாய்ப் பல் மட்டும் போன வாரம் எங்களை விட்டுப் பிரிந்தது. நேற்று அக்கா போனில் பேசினாள். ஓய்வு பெற்ற பிறகும் நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து கிணறுகளைப் பற்றியே வாசிக்கிறீர்களாம். வாசிக்கக் கிடைத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் வெளியூரில் இருக்கும் மகளுக்கும், வேறு ஊருக்குக் குடிபோன உங்கள் பழைய ஆபீஸ் நண்பருக்கும் அப்படியே அனுப்பி அவர்கள் உயிரை வாங்குகிறீர்களாம். வாசிக்கிற மனிதரைக் குறை சொல்லாதே என்று நான் உங்கள் பக்கம்தான் பேசினேன்.

நிற்க. எனக்கு உங்களால் ஓர் உதவி ஆக வேண்டும். நீர்வளத் துறையில் முப்பது வருஷம் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியே காலத்தை ஓட்டியவர் நீங்கள். எனக்கும் ஒன்று எழுதித் தர வேண்டும்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் மாணவர்களின் ஆய்வேடுகள் முன்னூற்றுப் பன்னிரண்டு இருந்தன. இரண்டு வருஷம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் ஏற்றினேன். நூலகத்துக்குள் எது வந்தாலும் முத்திரை குத்தி, வரவு எண் போட்டு, தேதிச் சீட்டு ஒட்டுவது இருபத்தாறு வருஷப் பழக்கம். கை சும்மா இருக்குமா? பென்டிரைவில் முத்திரை குத்த இடமில்லாததால் அதை உள்ளங்கை அகல அட்டையில் நூலால் கட்டி, அட்டை முன்னால் முத்திரையும் எண்ணும், பின்னால் தேதிச் சீட்டுமாக இரண்டாவது பீரோவின் மூன்றாம் தட்டில் வைத்தேன். எங்களிடம் டிஜிட்டல் களஞ்சியம் இருக்கிறது என்று முதல்வர் ஊரெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல நானும் நம்பிவிட்டேன். இடம் மிச்சமாகட்டும் என்று காகிதப் பிரதிகளையும், ஸ்கேன் செய்து முடித்த உறுப்பினர் பதிவேட்டையும் கீழ்த்தளத்துக்கு இறக்கினோம். அங்கே குழாய் உடைந்தது. ஆய்வேடுகள் கூழாகிப் போயின. பென்டிரைவில்தான் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று முன்தினம் கல்லூரியை மதிப்பிட மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்தது. தலைவி அம்மாள் சாந்தமானவர். "களஞ்சியத்தைக் காட்டுங்க" என்றார். பீரோவைத் திறந்தேன். தட்டு காலி. நான் திரும்பிப் பார்த்தபோது, மூன்று மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் அம்மா பதற்றமே இல்லாமல், "அது இரவல் போயிருக்கு சார். வர்ற சனிக்கிழமை திரும்பி வரும்" என்றார்.

"அதை ஏம்மா கொடுத்தீங்க?"

"எண் இருந்துச்சு, முத்திரை இருந்துச்சு, தேதிச் சீட்டும் நீங்கதானே ஒட்டினீங்க? நீங்க பல்லுக்கு லீவு போட்ட அன்னிக்கு ஒருத்தர் வந்து கேட்டார். உறுப்பினர் எண் இருநூத்திப் பதினாலுன்னு எழுதி, எழுத்துன்னே சொல்ல முடியாத ஒரு கையெழுத்தும் போட்டார். என் பேனாவையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டார்."

அந்த 214 யார் என்று பார்க்கலாம் என்றால், ஸ்கேன் செய்த உறுப்பினர் பட்டியலும் அந்தப் பென்டிரைவுக்குள்தான் இருக்கிறது. காகிதப் பதிவேடு கீழே தண்ணீரில் ஊறியது. ஆளுக்கு நினைவூட்டு அட்டைகூட அனுப்ப முடியவில்லை.

தலைவி அம்மாள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். "பீரோவுல வச்சா அது களஞ்சியம் ஆகாது சார். எங்க இருந்தும் யாரும் தேடி எடுக்க முடியணும். ஒவ்வொண்ணுக்கும் மாறாத முகவரி வேணும்" என்றார். இரண்டாவது பீரோ, மூன்றாம் தட்டு, இதுவரை மாறியதே இல்லை என்றேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "யார் எழுதினது, எப்போ, எதைப் பத்தின்னு விவரம் இருக்கா?" என்று கேட்டார். ஆய்வேட்டுக்கு ஒன்றாக நான் எழுதி வைத்திருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு விவர அட்டைகளை எடுத்துக் காட்டினேன். அதை மட்டும் மெச்சினார். "கணினித் துறை மத்ததைப் பாத்துக்கும். ஆனா ஒரு பிரதி போனா இன்னொரு பிரதி வேற இடத்துல இருக்கணும், அதுதான் முக்கியம். வியாழக்கிழமை திரும்ப வர்றேன். ரெண்டு பிரதியையும் காட்டுங்க. இல்லைன்னா இல்லைன்னுதான் நான் எழுதணும்."

இல்லை என்று எழுதினால் வாசிப்பு அறை தேர்வுப் பிரிவுக்குப் போகும். நான் வினாத்தாள் கட்ட வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை அத்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கண்விழித்து எழுதியதை என்னை நம்பிக் கொடுத்தார்கள். அதை நான் தொலைத்துவிட்டேன் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த 214ஆம் எண்காரர் மட்டும் கையில் கிடைத்தால்! பொறுப்பற்ற மனிதர், பேனா திருடி, நூலகத்தின் வாசற்படி மிதிக்க லாயக்கில்லாதவர். ஆகவே, களஞ்சியம் பெருவாரியான வாசகர் வரவேற்பால் தற்சமயம் வெளியே சென்றிருக்கிறது என்ற பொருளில், பொய்யும் இல்லாமல் முழு உண்மையும் இல்லாமல், உங்கள் பாணியில் ஒரு பக்கம் எழுதி உடனே அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் கண்ணும் முதுகும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உதவியாளர் அம்மா வந்தார். ஊறிய உறுப்பினர் பதிவேட்டை இரண்டு நாளாக மின்விசிறிக்கு அடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். 214 இருக்கும் பக்கம் இப்போதுதான் காய்ந்ததாம். அதில் இருப்பது உங்கள் பெயர், அத்தான்! நீங்கள் ஓய்வு பெற்ற அன்று நானே என் கையால் சேர்த்துவிட்ட கௌரவ உறுப்பினர். மேலே திட்டியதை எல்லாம் திரும்பப் பெறுகிறேன். விளக்கக் கடிதமும் வேண்டாம். அக்கா சொன்ன கிணறெல்லாம் எங்கள் மாணவர்களின் ஆய்வேடுகள்தான். உங்கள் கணினியில் ஒன்று, மகளிடம் ஒன்று, நண்பரிடம் ஒன்று என்று, நான் இரண்டு வருஷத்தில் செய்யாததை நீங்கள் பத்தே நாளில் செய்திருக்கிறீர்கள். வியாழக்கிழமை காலை பென்டிரைவோடு வந்துவிடுங்கள். கணினியை மட்டும் கொண்டு வராதீர்கள். அது வேறு இடத்தில் இருக்க வேண்டும். பேனாவைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். அதற்கும் நான் எண் போட்டிருக்கிறேன்.