மேட்டுக் குத்தகை முடியவிருந்த மாலை

ஒரு காட்டில், எண்ணெய்க் குத்தகை முடிகிற மாலையில், புல்மேட்டுக்கு வந்திருந்தவர்கள்: நிலத்துக்காரி செவந்தி என்ற முயல், அவள் குட்டிகள் நான்கு, குத்தகைக்கார நரி, வழக்குத் தீர்க்கும் கரடியார், செவந்தியைத் தன் வளையில் குடிவைத்திருந்த கீரி, பொழுது பார்த்துச் சொல்ல மரத்தில் காகம். ஆக ஒன்பது பேர்.

ஐந்து மழைக்காலத்துக்கு முன் நரி அந்த மேட்டைக் குத்தகைக்கு எடுத்து, எண்ணெய் இறைக்கும் இயந்திரத்தை நட்டது. அதோடு சரி. கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் எண்ணெய் வந்து, நிலத்துக்காரியும் தன் பங்கைக் கைநீட்டி வாங்கினால் குத்தகை தொடரும். இல்லாவிட்டால் நிலம் அவளுக்கே. அதுதான் பேச்சு.

“இன்னைக்கே வளையைக் காலி பண்ணிடுங்க அக்கா. என் மச்சினன் குடும்பத்தோட வர்றான்,” என்றது கீரி.

“பொழுது சாயட்டும் தம்பி. இங்கேயே தோண்டிக்கிறேன்,” என்றாள் செவந்தி. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் நகங்கள் அப்போதே மண்ணைப் பிறாண்டின.

நரி இயந்திரத்தை முறுக்கியது, தட்டியது, உதைத்தது.

“கெஞ்சிப் பாருங்க அண்ணே, மனசு இரங்கும்,” என்று கீரி சிரித்தது.

கடைசியில் குழாய் முனையில் ஒரு சொட்டு தொங்கியது.

“எனக்குப் பங்கே வேண்டாம்!” என்று செவந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வாங்காவிட்டால் பொழுதோடு முடிந்தது,” என்றார் கரடியார்.

நரி கோபப்படவில்லை. சொட்டை ஓர் இலையில் ஏந்தி வந்தது. “பங்கு கிடக்கட்டும், தங்கச்சி. பிள்ளைங்க காதெல்லாம் உண்ணி. பார்க்கவே பாவமா இருக்கு. இதைத் தடவி விடு.”

இலையில் வைத்து எது நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு நல்ல வார்த்தை சொல்வது முயல்களின் வழக்கம்.

“நல்லா இருங்க அண்ணே,” என்று வாங்கி, நாலு குட்டிகளின் காதிலும் தடவினாள்.

“பொழுது சாஞ்சாச்சு!” என்றது காகம்.

“வாங்கியாச்சு. குத்தகை தொடரும்,” என்றார் கரடியார்.

“ஐயா, உண்ணிக்குத்தானே வாங்கினேன்!”

“எதற்கு வாங்க வேண்டும் என்று பேச்சில் இல்லையேம்மா.”

“இனி எதுவரைக்கும்?”

“சொட்டு நிற்கும்வரை.” குழாய் முனையில் அடுத்த சொட்டு திரண்டிருந்தது.

மழை இறங்கியது. அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். இயந்திரத்தின் அடியில் ஒண்டிக்கொண்டு மிஞ்சியவர்கள், உண்ணிகளைச் சேர்க்காமல், ஐந்து பேர்.

நீதி: யாருக்காவது நன்றி சொல்வதானால், பொழுது சாய்ந்த பிறகு சொல்லவும்.